முதலில் படுப்போம், அப்புறம் அசைவோம்: மூத்தோரின் நாள்பட்ட முதுகுவலிக்கு வீட்டு யோகா

பினாங்கில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலை 10 மணிக்கு ஒன்பது பத்துப் பேர் கூடுகிறோம். என்னைத் தவிர எல்லோரும் 65 வயதைத் தாண்டியவர்கள். சிலர் இளமையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். விடியும் முன்னே மரத்துக்கு மரம் குனிந்து, அப்புறம் நிறைந்த வாளிகளைத் தோளில் சுமந்த முதுகுகள் அவை. மற்றவர்கள் துணிக்கடையில் நாள் முழுக்க நின்றவர்கள், லாரி ஓட்டியவர்கள், ஐந்து பிள்ளைகளை இடுப்பில் வைத்தே வளர்த்தவர்கள். எத்தனை நாளாக வலி என்று கேட்டால் யாரும் நாள் கணக்கில் பதில் சொல்வதில்லை. "பெரியவன் கல்யாணத்துலேருந்து" என்றார் ஒரு பாட்டி. பெரியவனுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

மருத்துவக் கணக்கில் 12 வாரத்துக்கு மேல் நீடித்தாலே அது நாள்பட்ட முதுகுவலி. இந்த வழிகாட்டி அப்படிப்பட்ட வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும்.

என் அம்மாவுக்கு 71 வயதில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு யோகா வகுப்பில் சேர்த்துவிட்டேன். இரண்டாவது வாரம் காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலைத் தொடச் சொன்னார்கள். அம்மா ரோஷக்காரி, தொட்டுவிட்டார். மறுநாள் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளெலும்பு லேசாக நசுங்கியிருந்தது. எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஏற்கெனவே இருந்திருக்கிறது. அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை, சேர்த்துவிட்ட நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன்.

கற்றுக்கொண்டதில் பெரியது இது: வகுப்பு முடியும்போது ஐந்து நிமிடம் கண்ணை மூடிப் படுக்க வைப்பார்களே, அதை முன்னால் கொண்டுவந்து பாதி நேரத்தையும் அதற்கே கொடுத்துவிட வேண்டும். காரணம் இருக்கிறது. பல வருடம் வலித்த உடம்பு எப்போதும் அடி விழப்போகிறது என்றே விறைத்துக்கொண்டிருக்கும். நரம்புகளும் சாம்பிராணிப் புகைக்கே அலறும் தீ அலாரம்போல ஆகிவிடுகின்றன. அந்த விறைப்போடு ஆசனம் செய்தால் தசை தசையோடு மல்லுக்கட்டும். முதலில் படுத்து, மூச்சு இறங்கி, பல் கடிப்பது நின்ற பிறகு செய்தால் அதே அசைவு பாதி வலியில் முடிந்துவிடுவதை வாராவாரம் பார்க்கிறேன்.

முதலில் கிளினிக்கா, பாயா?

சில முதுகுவலிக்கு யோகா கூடாது. பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமல் போவது, சிறுநீர் வராமல் அடைப்பது, இரண்டு காலும் திடீரெனப் பலமிழப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை அவசரப் பிரிவு. தேவைப்பட்டால் மலேசியாவின் அவசர எண் 999. நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் நரம்பு திரும்பாமலே போகலாம்.

காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்த பிறகு தொடங்கிய வலி, எப்படிப் படுத்தாலும் இரவில் விடாத வலி, இதெல்லாம் இருந்தால் முதலில் கிளினிக். மற்றவர்களும் பக்கத்து அரசு கிளினிக்கான கிளினிக் கெசிஹாத்தானில் ஒருமுறை காட்டிவிட்டு, "வீட்டில் உடற்பயிற்சி செய்யலாமா, எலும்பு எப்படி இருக்கிறது" என்று இரண்டு கேள்வியைக் கேட்டுவிட்டு வருவது நல்லது. வலி ஊசி போட்டுக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் எங்கள் கூடத்திலும் உண்டு. சர்க்கரையும் சிறுநீரகப் பிரச்சினையும் உள்ளவர்கள் வலி மாத்திரையைச் சொந்தமாக வாங்கி விழுங்குவது ஆபத்து. அதே சமயம், யோகா தொடங்கியதும் டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதும் தப்பு.

உங்கள் முதுகு எந்த ரகம்?

இதில் கொஞ்சம் நிதானமாக நிற்போம். அம்மாவுக்கு நடந்தது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

முதல் ரகம், குனிந்தால் சுகம் காணும் முதுகு. இவர்கள் கோயில் வரிசையில் பத்து நிமிடம் நின்றால் கால் கடுத்து உட்கார இடம் தேடுவார்கள். ஆனால் பேரங்காடியில் தள்ளுவண்டியின் மேல் சாய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் நடப்பார்கள். முதுகுத்தண்டில் நரம்பு போகும் பாதை வயதினால் குறுகியிருந்தால் இப்படி இருக்கும். நிமிரும்போது பாதை இன்னும் குறுகுகிறது, முன்னால் சாயும்போது சற்று விரிகிறது. பின்னால் வளையும் ஆசனங்கள், அதாவது புஜங்காசனம் மாதிரியானவை, இவர்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது ரகம், எலும்பு மெலிந்த முதுகு. உயரம் குறைந்திருக்கும், மேல்முதுகு கூன ஆரம்பித்திருக்கும், சேலை முந்தைய உயரத்துக்கு உடுத்தினால் தரையில் புரளும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம். ஆண்களுக்கும் வரும். இவர்களுக்கு முதுகை வளைத்து முன்னால் குனிவது கூடாது. பாதஹஸ்தாசனம், பச்சிமோத்தானாசனம், முழு முறுக்கல் எல்லாமே கூடாது. குனியும்போது முள்ளெலும்பின் முன்பக்கத்தில் அழுத்தம் விழுகிறது, மெலிந்த எலும்பு நசுங்குவதும் அங்கேதான்.

இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் உண்டு. அவர்கள் நடுவில் நிற்க வேண்டும்: பின்னாலும் வளையாமல், முன்னாலும் கூனாமல், இடுப்பு மூட்டை மட்டும் மடக்கி அசைவது. கீழே சொல்லும் அசைவுகளைப் பெரும்பாலும் அந்த நடு வழியில்தான் தேர்ந்திருக்கிறேன். எந்த ரகம் என்று தெரியாவிட்டால் எலும்பு மெலிந்த ரகமென்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கண்ணில் நீரழுத்த நோய் (கிளாக்கோமா) இருப்பவர்களும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் தலையை இடுப்புக்குக் கீழே கொண்டுபோகும் எதையும் செய்ய வேண்டாம். மூச்சை அடக்குவதும் வேண்டாம்.

இடமும் சாமானும்

புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கை இல்லாத, ஆடாத ஒரு நாற்காலி. காப்பிக் கடையில் இருக்குமே, அந்த மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், வளையும், வேண்டாம். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இரண்டு தலையணை, ஒரு துண்டு, ஒரு போர்வை. நம் வீடுகளில் தரை பெரும்பாலும் வழுவழுப்பான கல்தரை. அதன்மேல் கோரைப்பாயை விரித்தால் பாயோடு ஆளும் வழுக்கிக்கொண்டு போகும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், காலுறை வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து எழ முடியாதவர்கள் கட்டிலிலேயே செய்யலாம். மெத்தை குழியாமல் இருந்தால் போதும். யோகா என்றால் தரையில்தான் என்று யாரோ கிளப்பிவிட்டதால் பல பெரியவர்கள் தொடங்குவதே இல்லை.

நேரம்: எழுந்தவுடன் வேண்டாம். முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள தட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும், அதனால்தான் விடியற்காலையில் முதுகு பலகையாக இருக்கிறது. தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குள் கொஞ்சம் நடந்து, ஒரு மணி நேரம் கழிந்த பிறகு சரியாக இருக்கும். நாசி லெமாக் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள்.

முதல் படி: படுப்பது

மல்லாந்து படுங்கள். தலைக்குக் கீழே ஒரு தலையணை, கழுத்து பின்னால் மடங்காத உயரத்தில். முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை. தரையில் படுப்பவர்கள் கெண்டைக்காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்தால் இன்னும் சுகம். மல்லாந்து படுக்கவே முடியாதவர்கள் ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொள்ளலாம். கை உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேல்நோக்கி. வயிற்றின் மேல் வைத்தாலும் தப்பில்லை. போர்வை கட்டாயம். அசையாமல் படுத்தால் பினாங்கு வெயிலிலும் உடம்பு குளிரும், மேலே மின்விசிறி வேறு.

இதற்குச் சவாசனம் என்று பெயர். நான் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. முதல் வாரம் சொன்னேன், "இப்பவே எதுக்கு அந்த ஒத்திகை?" என்றார் ஒரு தாத்தா. இன்னொன்றும் அன்று கற்றேன். படுக்கச் சொல்லும் முன் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். வடக்கே தலை வைத்துப் படுத்திருக்கிறோமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் எந்தப் பாட்டியின் தோளும் தளராது.

படுக்கையில் தொடங்குவது என் கண்டுபிடிப்பும் அல்ல. சுவாமி சிவானந்தர் வழியில் வந்த வகுப்புகள் படுத்த நிலையில்தான் ஆரம்பிக்கும். சிவானந்தர் 1887இல் பத்தமடையில் பிறந்தவர். சந்நியாசம் வாங்கும் முன் 1913 முதல் பத்து வருடம் மலாயாவில் டாக்டராக இருந்தார், சிரம்பான் பக்கம் ரப்பர் தோட்ட மருத்துவமனையில் வேலை பார்த்தார். நம் தாத்தாக்கள் தலைமுறையின் முதுகுகளைப் பார்த்த மனிதர். பாய்க்குப் பேர்போன ஊரில் பிறந்தவர் படுக்கையிலிருந்து தொடங்கினார் என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இரண்டாம் படி: குரல் கேட்டுத் தளர்வது

இதற்குப் பக்கத்தில் ஒரு குரல் வேண்டும். பிள்ளையோ பேரனோ கீழே உள்ளதை மெதுவாகப் படித்தால் போதும். பத்து நிமிடம் ஆகும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே இரண்டு மூச்சு விட இடம் கொடுங்கள். புத்தகத் தமிழில் "தளர்த்துங்கள்" என்றால் அவர்கள் எதையோ செய்யப் பார்ப்பார்கள். "ரிலாக்ஸ் பண்ணுங்க" என்றால் தோள் காதுவரை ஏறிவிடும். "விட்டுடுங்க" என்பதுதான் வேலை செய்கிறது. "வலியை மறந்துடுங்க" என்று மட்டும் சொல்லவே வேண்டாம்.

"அம்மா, நல்லா படுத்துட்டீங்களா? கண்ண மூடிக்குங்க. மூடப் பிடிக்கலன்னா மேல சுத்துற ஃபேனப் பாத்துக்கிட்டே இருங்க. இப்போ ஒண்ணும் செய்ய வேணாம். அடுப்பு அணைச்சாச்சு. கதவு பூட்டியாச்சு.

வெளிய என்னென்ன சத்தம் கேக்குது? மோட்டார் சத்தம். குயில். பக்கத்து வீட்டு டிவி. கேட்டுட்டு அப்படியே விட்டுடுங்க.

கை ரெண்டையும் மெதுவா மூடுங்க. எலுமிச்சம்பழம் பிடிக்கிற மாதிரி, அவ்வளவு போதும். மூச்சு ஓடிக்கிட்டே இருக்கட்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. விட்டுடுங்க. விரல் தானா விரியட்டும்.

தோள கொஞ்சம் மேல தூக்குங்க. அஞ்சு எண்ணுறேன். விட்டுடுங்க. மெத்தை தாங்கிக்கும்.

பல்லு கடிச்சிருக்கீங்களா பாருங்க. நாக்கு வாய்க்குள்ள சும்மா கிடக்கட்டும். நெத்திச் சுருக்கத்த விட்டுடுங்க.

இப்போ முதுகு. இங்க எதையும் இறுக்க வேணாம். முதுகு மெத்தையில எங்கெங்க பட்டிருக்கு, எங்க படலன்னு மட்டும் பாருங்க. வலி இருந்தா இருக்கட்டும். அது எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது? அந்த ஓரத்துக்கு அந்தாண்ட வலிக்காத இடம் ஒண்ணு இருக்கும். அங்க கொஞ்ச நேரம் இருங்க.

கால் விரல முன்பக்கமா லேசா மடக்குங்க. அஞ்சு எண்ணுறேன். விட்டுடுங்க. தொடை, முட்டி, கெண்டைக்கால், எல்லாம் தலையணையோட பொறுப்பு.

மூச்சப் பாருங்க. நாலு எண்ணி உள்ள. ஆறு எண்ணி வெளிய. கஷ்டமா இருந்தா எண்ண வேணாம். வெளிய விடுறது மட்டும் கொஞ்சம் நீளமா இருக்கட்டும்."

கடைசிப் பகுதியை மூன்று நிமிடம் பேசாமல் விடுங்கள். குறட்டை கேட்டால் எழுப்ப வேண்டாம். இரவெல்லாம் முதுகு தூங்க விடாதவருக்கு அந்தத் தூக்கம் வரவுதான்.

இறுக்கி விடுவது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவரின் முறை, 1929இல் அதை வெளியிட்டார். நான் இறுக்கத்தைக் குறைத்திருக்கிறேன், முதுகில் அறவே எடுத்துவிட்டேன். வயதான தசையைப் பலமாக இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனித்துப் போவது யோக நித்திரையின் வழி.

மூன்றாம் படி: படுத்தபடியே அசைவு

எல்லாவற்றுக்கும் ஒரே விதி: முடியும் என்று தோன்றுவதில் பாதி செய்யுங்கள். வலியை 0 முதல் 10 வரை எண்ணில் சொல்லச் சொன்னால், செய்யும்போது 3 வரை ஏறலாம், மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். வலி முதுகிலிருந்து காலுக்கு இறங்கினால் அந்த அசைவை நிறுத்துங்கள். காலில் இருந்த வலி மேலேறி முதுகோடு நின்றால் அது நல்ல சகுனம்.

இடுப்புச் சாய்வு முதலில். முழங்கால் மடக்கி, பாதம் ஊன்றி, மூச்சை விட்டபடி இடுப்பின் பள்ளத்தை மெத்தையை நோக்கி லேசாக அமுக்குங்கள். மூச்சு வாங்கும்போது விடுங்கள். பக்கத்தில் நிற்பவர் கண்ணுக்கே தெரியாத அளவு சின்ன அசைவு. 8 முறை.

அடுத்து ஒற்றைக்கால். ஒரு தொடைக்குப் பின்னால் கை கோத்து, முழங்காலை நெஞ்சுப் பக்கம் வரவிடுங்கள். முட்டிச் சில்லின் மேல் கை வைத்து இழுக்க வேண்டாம். தலையும் வாலெலும்பும் மெத்தையில் இருக்க வேண்டும். மூன்று மூச்சு, அப்புறம் மறுகால். குனிந்தால் சுகம் காணும் முதுகுக்கு இது அமிர்தம்.

சேதுபந்தாசனத்தை நாங்கள் அரைப் பாலம் என்கிறோம். பாதத்தை ஊன்றி, மூச்சை விட்டபடி புட்டத்தை நான்கு விரல்கடை மட்டும் தூக்குங்கள், மெதுவாக இறக்குங்கள். 5 முறை. முதுகுக்காகச் செய்வதென்றாலும் உழைப்பது புட்டத் தசைதான். அது சோம்பிக் கிடப்பதால் முதுகு அதன் வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருக்கிறது.

எழும்போது நேராக நிமிராதீர்கள். முழங்கால் மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகப் பக்கவாட்டில் உருண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையால் மெத்தையைத் தள்ளி எழுந்து உட்காருங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அங்கேயே ஒரு நிமிடம் உட்கார வேண்டும். காலையில் எழும்போதும் இதே முறை. ஆசனம் எதுவும் செய்யாமல் இதை மட்டும் பழகியே பாதி நிம்மதி கண்டவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

நான்காம் படி: நாற்காலியும் சமையல் மேடையும்

நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தரையில். மூச்சு வாங்கும்போது நெஞ்சை லேசாக முன்னால் நீட்டி உயருங்கள், விடும்போது நேர்நிலைக்கு வாருங்கள். 6 முறை. வழக்கமான பூனை ஆசனத்தில் முதுகைக் கூனும் பாதியும் உண்டு. எலும்பு மெலிந்தவர்கள் அதை விட்டுவிடுங்கள். குனிந்தால் சுகம் காண்பவர்கள் நெஞ்சை நீட்டுவதைக் குறைத்து, கூனும் பாதியை மெதுவாகச் செய்யலாம்.

பிறகு உட்கார்ந்து எழுவது. ஒரே ஓர் அசைவுதான் செய்ய முடியும் என்பவருக்கு நான் இதைத்தான் கொடுப்பேன். பாதத்தைச் சற்று உள்ளே இழுத்து, முதுகு நேராக இருக்க இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்குங்கள். முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். 5இல் தொடங்கி மெல்ல 10.

கடைசியாகச் சமையல் மேடை. விளிம்பில் இரு கையையும் வைத்து, இரண்டு அடி பின்னால் போய், முதுகு பலகைபோல் நேராக இருக்க, இடுப்பு மூட்டில் மடங்கி லேசாக முன்சாயுங்கள். தலை கைகளுக்கு நடுவில், இடுப்புக்கு மேலேயே இருக்கட்டும். ஐந்து மூச்சு. நிமிர்ந்து, மேடையைப் பிடித்தபடி குதிகாலை 8 முறை உயர்த்தி இறக்குங்கள். சோறு கொதிக்கும் நேரத்தில் முடிந்துவிடும்.

அப்புறம் மறுபடி ஐந்து நிமிடம் படுக்கை. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம்.

எத்தனை நாள், எவ்வளவு எதிர்பார்க்கலாம்

முதல் வாரம் படுக்கையும் குரலும் மட்டும், தினமும். இரண்டாம் வாரம் படுத்த அசைவுகளைச் சேருங்கள், மூன்றாம் வாரம் நாற்காலி. அசைவுகளை வாரத்தில் நான்கு நாள் செய்தால் போதும். படுக்கையை மட்டும் எந்த நாளும் விட வேண்டாம்.

அளந்து சொல்வதானால்: அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னால் முயலும் வழிகளில் யோகாவையும் தசைத் தளர்வுப் பயிற்சியையும் சேர்த்தது. அதே வருடம் பாஸ்டன் பகுதியில் 320 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வார யோகா வகுப்பு பிசியோதெரபிக்குக் குறைவில்லாத பலன் தந்தது. அதற்காக அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம். சராசரியாகக் கிடைப்பது சிறிய முன்னேற்றம். சிலருக்கு யோகாவாலேயே வலி கூடுவதும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட 282 பேரிடம் எட்டு வார மனக்கவனப் பயிற்சியை (மைண்ட்ஃபுல்னெஸ்) சோதித்தபோது அன்றாட வேலைத்திறன் முதலில் உயர்ந்தது, ஆறு மாதத்தில் அந்த உயர்வு நிற்கவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. எங்கள் கூடத்தில் மூன்று பேர் இன்னும் கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். நான் சண்டை போடுவதில்லை, படுக்கும்போது மட்டும் கழற்றச் சொல்கிறேன்.

வலி திடீரென ஏறும் நாட்கள் வரும். பேரப்பிள்ளையைத் தூக்கியிருப்பார்கள், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படியும் ஏறியிருப்பார்கள். அன்று நாள் முழுக்கப் படுத்துவிடாதீர்கள். அசைவுகளை இடுப்புச் சாய்வோடு நிறுத்தி, சூட்டு ஒத்தடம் கொடுத்து, வீட்டுக்குள் மணிக்கொருமுறை இரண்டு நிமிடம் நடங்கள். குரல் கேட்டுப் படுப்பதை இரண்டு வேளையாக்குங்கள். மூன்று நான்கு நாளில் இறங்கவில்லையென்றால் கிளினிக். கோடாலித் தைலம் தேய்ப்பதை யாரும் நிறுத்தப்போவதில்லை என்று தெரியும். தேய்த்த இடத்தில் உடனே சூட்டு ஒத்தடம் மட்டும் வைக்காதீர்கள், தோல் எரியும்.

தனியாகச் செய்ய மனம் வராதவர்கள் பக்கத்தில் மூத்தோர் நடவடிக்கை மையம் இருக்கிறதா என்று சமூகநலத் துறை அலுவலகத்தில் கேளுங்கள், பாவே என்ற மலாய்ச் சுருக்கப் பெயரைச் சொன்னால் தெரியும். எந்த வகுப்பில் சேர்ந்தாலும் ஆசிரியர் உங்கள் எலும்பையும் மாத்திரையையும் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். அப்போதும் குனியச் சொன்னால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள், மேலே உள்ளதை உங்கள் குரலில் படித்துக் கைப்பேசியில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். நன்றாகப் படிக்க வேண்டும் என்பதில்லை. என் தம்பி அம்மாவுக்கு அனுப்பிய பதிவின் நடுவில் அவன் தும்முவான். அந்த இடம் வந்ததும் அம்மா கண்ணைத் திறக்காமலே "நூறாயுசு" என்கிறார், தினமும்.